‘உள்முக ஃபுல்லரீன்’ அன்று, ‘அகப்பொதி ஃபுல்லரீன்’: ஒரு சொல் விளக்கம்

கார்பன் அணுக்களால் ஆன கூட்டுக்குள் வேறோர் அணு அடைபட்டிருக்கும் மூலக்கூறை வேதியியலார் ‘எண்டோஹீட்ரல் ஃபுல்லரீன்’ என்பர். இதனைத் தமிழில் ‘உள்முக ஃபுல்லரீன்’ என்று எழுதுவதை அண்மைக் காலத்தில் அடிக்கடி காண்கிறேன். ‘உள்முகம்’ என்றால் உள்நோக்கித் திரும்பிய முகம் என்பதே நம் வழக்கு. கூச்சமுடைய மனிதரை உள்முக ஆளுமை கொண்டவர் என்று சொல்கிறோம். அதே அடைமொழியைப் பெற்ற மூலக்கூறு எதனை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால், மொழிபெயர்த்தவரிடம் விடை இராது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘எண்டான்’ என்பது உள்ளே. ‘ஹெட்ரா’ என்பது இருக்கை, அதன் வழியாக வடிவியலில் ஒரு திண்மம் அமரும் பக்கம், அதாவது முகம். ‘ஃபுல்லரீன்’ என்பது கட்டடக்கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடங்களை நினைத்து வைத்த பெயர். 1985-இல் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், அறுபது கார்பன் அணுக்களால் ஆன சி60 மூலக்கூற்றைக் கண்டறிந்த குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகிய மூவரும் 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். இம்மூலக்கூறுகளைச் செய்யும் முறைகளில் வரும் ‘பிளாஸ்மா’ என்பதற்குக் கிரேக்கத்தில் வனையப்பட்டது என்று பொருள். மின்னிறக்கத்தில் அயனியான வாயுவுக்கு 1928-இல் அச்சொல்லை வழங்கியவர் அமெரிக்க அறிவியலாளர் லாங்மியூர். இரத்தத்தின் நீர்மப் பகுதிக்கும் அதே பெயர் அதற்கு முன்பே இருந்ததால், அகராதியை மட்டும் நம்புவோர் இயற்பியல் கட்டுரைக்குள் ‘குருதிநீர்’ என்று எழுதிவிடும் இடர் இன்றும் இருக்கிறது. இங்கே ‘பிளாஸ்மா’ என்றே விட்டுவிடுவது தமிழுக்குக் குறைவு ஆகாது.

இனி ‘முகம்’ பற்றி. ‘டெட்ராஹீட்ரன்’ என்பதை நான்முகி என்கிறோம். அது சரியான ஆக்கம், ஏனெனில் அங்கே எண்ணப்படுபவை முகங்கள். சி60-க்கும் 12 ஐங்கோண முகங்களும் 20 அறுகோண முகங்களும் உண்டு. ஆனால் ‘எண்டோஹீட்ரல்’ என்னும்போது முகம் எதுவும் எண்ணப்படுவதில்லை. முகங்கள் சேர்ந்து சூழ்ந்த முழுக் கூடு குறிக்கப்படுகிறது, அதன் உள்ளே என்பதே அடைமொழியின் முழுப்பொருள். சொல்லை இரண்டாக வெட்டி, முன்பாதிக்கு ஒரு தமிழும் பின்பாதிக்கு ஒரு தமிழும் வைத்து ஒட்டியவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. ‘உள்முகம்’ என்பதைக் கூட்டின் உட்பரப்பு என்று பொருள்கொண்டு காப்பாற்றலாமே என்றும் ஒரு வாதம் உண்டு. சி82 கூட்டுக்குள் இருக்கும் லாந்தனம் என்னும் உலோக அணு நடுவில் இராமல் சுவரையொட்டியே இருப்பதால் அவ்வாதம் முதற்பார்வையில் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் 1996-இல் பெர்லினின் ஹான்–மைட்னர் நிறுவனத்தார் சி60-க்குள் வைத்த நைட்ரஜன் அணு, எந்தச் சுவரோடும் பிணையாமல், தன் மூன்று இணைசேரா எலக்ட்ரான்களையும் அப்படியே வைத்துக்கொண்டு நட்டநடுவில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே வகைப்பெயர்தான். எனவே அணு எந்தப் பரப்பைத் தொடுகிறது என்பதைக் கொண்டு பெயரிட முடியாது.

எண்டோஹீட்ரலைக் ‘கலப்பு ஃபுல்லரீன்’ என்று எழுதுவோர் இன்னும் பெரிய தவறு செய்கின்றனர். ஒரு சி60-க்கு மூன்று பொட்டாசியம் என்ற கணக்கில் சேர்த்த திண்மம் ஏறத்தாழ 18 கெல்வினில் மின்தடையே இல்லாத மீகடத்தியாகிறது என்று 1991-இல் அறியப்பட்டது. அங்கே பொட்டாசியம் கூடுகளுக்கு இடையே இருக்கிறது, கூட்டுக்குள் இல்லை. அதுதான் கலப்பு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் படிப்பவர் வேதியியலையே தவறாகக் கற்பார். ‘சிறைப்பட்ட’ என்ற அடைமொழியை முன்வைப்போருக்கு மட்டும் சற்று மதிப்பளிப்பேன். சிறையிடுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘இன்கார்’ என்னும் முன்னொட்டைப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியமே பரிந்துரைத்திருக்கிறது. ஆயினும் ஆய்வாளர் நாவில் அது ஏறவில்லை, தமிழிலும் அது அறிவியலைவிடக் கவிதைக்கே நெருங்கி நிற்கிறது.

பெயரைவிட வினையில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் மிகுதியாக வழுக்குகின்றனர். ‘பிளாஸ்மா மூலம் ஃபுல்லரீனுக்குள் அணுவைச் செலுத்துதல்’ என்ற ஒரே தொடரை எல்லா முறைகளுக்கும் போட்டுவிடுகின்றனர். இரு தண்டுகளுக்கு இடையே மின்சாரம் வில்லாகப் பாய்ந்து ஒளிரும் மின்வில் முறையில் எவரும் எதையும் செலுத்துவதில்லை. துளையிட்ட கிராஃபைட் தண்டில் உலோக ஆக்சைடையும் கிராஃபைட் பொடியையும் அடைத்து, ஹீலியம் நிரம்பிய கலத்தில் மின்வில்லை மூட்டுகின்றனர்; வில்லின் பிளாஸ்மாவில் கார்பனும் உலோகமும் ஒருசேர ஆவியாகி, குளிரும்போது உலோக அணுவைச் சுற்றியே கூடு வளர்ந்து மூடுகிறது. முட்டைக்குள் மஞ்சள் கருவை யாரும் செலுத்துவதில்லை, அதைச் சுற்றித்தான் ஓடு உருவாகிறது, இதுவும் அப்படித்தான். 1999-இல் வர்ஜீனியாவில் ஸ்டீவன்சனும் டார்னும் குழுவினரும் இந்த வில்லுக்குள் சிறிது நைட்ரஜனை விட்டபோது, மூன்று ஸ்காண்டியம் உலோக அணுக்களும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த கொத்து சி80 கூட்டுக்குள் அமைந்து கிடைத்தது.

இதற்கு நேர்மாறானது, ஆயத்தமாக உள்ள கூட்டைத் தாக்கும் முறை. ஜப்பானின் சென்டாய் நகரில், தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஹத்தகெயாமா குழுவினர் கார உலோகப் பிளாஸ்மாவை உண்டாக்கி, எதிர்மின்னழுத்தம் கொடுத்த தட்டின் மீதுள்ள சி60-ஐ நோக்கி அயனிகளை ஈர்த்தனர். அயனியின் வேகம் குறைந்தால் சுவரில் நின்றுவிடும், மிகுந்தால் கூடே சிதையும்; இடைப்பட்ட ஆற்றலில் வந்தது மட்டும் உள்ளே புகும். பெர்லினில் நைட்ரஜன் புகுந்ததும் அயனித் தாக்குதலால்தான். அங்கே விளைச்சலோ பத்தாயிரம் கூடுகளில் ஒன்று அல்லது அதனினும் குறைவு. இங்கே ‘புகுத்துதல்’ என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். மின்வில்லுக்கு ‘பொதிந்து மூடுதல்’ என்பதே சரி. பிளாஸ்மா என்ற ஒரு சொல் இரண்டிலும் வருவதால் இரண்டும் ஒரே செயல் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே நான் முன்வைப்பது ‘அகப்பொதி ஃபுல்லரீன்’. ‘அகவணு ஃபுல்லரீன்’ என்பதும் இலக்கணத்துக்கு ஒத்த, ஓசையும் நன்றான ஆக்கமே; ஆனால் 2011-இல் கியோட்டோவில் குரோட்டோபியும் முராத்தாவும் சி60-க்குள் ஒரு நீர் மூலக்கூற்றையே வைத்துக் காட்டிவிட்டதால், உள்ளிருப்பது அணுவாகவே இருக்க வேண்டும் என்ற பெயர் நில்லாது. ‘பொதி’ என்பது அணுவுக்கும் கொத்துக்கும் மூலக்கூற்றுக்கும் பொருந்தும். ‘உட்பொதி’ என்று சொல்லாமல் ‘அகம்’ என்று எடுத்ததற்குக் காரணம், அதற்கு எதிராகப் ‘புறம்’ ஆயத்தமாக நிற்பதே: கூட்டின் வெளிப்புறத்தில் அணுவோ தொகுதியோ பிணைந்ததைப் ‘புறப்பிணை ஃபுல்லரீன்’ என்று எழுதினால், ‘வெளிமுக’ என்ற அடுத்த குழப்பமும் வராது.

ஸ்மாலி குழுவினர் 1991-இல் கொண்டுவந்த @ குறியைத் தமிழில் வாசிக்கும்போதும் இதே கவனம் தேவை. லாந்தனம்@சி82 என்பதில் இடப்பக்கம் இருப்பது உள்ளே, வலப்பக்கம் இருப்பது கூடு. குறியின் வரிசையிலேயே சொற்களை அடுக்கி ‘லாந்தனத்தில் சி82’ என்று எழுதினால் கூடு அணுவுக்குள் போய்விடும். ‘சி82-இல் பொதிந்த லாந்தனம்’ என்று வரிசையை மாற்றியே எழுத வேண்டும்.