பல்பு அணையும்போது சுவிட்சைப் போடு

இரண்டு ஜெனரேட்டர்களைச் சேர்த்து ஓட்டும் பழைய பேனல்களில் மூன்று பல்புகள் இருக்கும். அவை மெல்லப் பிரகாசமாகும், மெல்ல மங்கும், அணைந்துவிடும், மறுபடி எரியும். வயரிங்கில் ஏதோ கோளாறு என்று தோன்றும். ஆபரேட்டரோ இரண்டையும் இணைக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரின் கைப்பிடியில் கைவைத்தபடி, அவை அணைவதற்காகத்தான் காத்துக்கொண்டு நிற்பார்.

ஓடும் பேருந்தில் தொற்றி ஏறியவர்களுக்கு இது புரியும். பேருந்தின் வேகத்துக்கு ஓடினால் மட்டும் போதாது, படிக்கட்டும் நேராக வரவேண்டும். ஏற்கெனவே ஓடும் மின்சாரத்தோடு புதிய ஜெனரேட்டரைச் சேர்க்க, மின்னழுத்தம், அதிர்வெண், பேஸ் வரிசை (மூன்று மின்கம்பிகளிலும் அலை ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் வரிசை) மூன்றும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு மேல், இரண்டு அலைகளும் அந்த நொடியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். படிக்கட்டு என்றது இதைத்தான்.

மூடாத, அதாவது இன்னும் இணைக்காத பிரேக்கரின் இரு பக்கங்களுக்கும் குறுக்கே, பேஸுக்கு ஒன்றாக அந்தப் பல்புகள் இணைக்கப்பட்டிருக்கும். பல்பு காட்டுவது இரு பக்கத்து மின்னழுத்தத்தின் வித்தியாசத்தை. இரண்டு அலைகளும் சேர்ந்து ஏறி இறங்கினால் வித்தியாசம் பூஜ்யம், பல்பு எரியாது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் வித்தியாசம் இரண்டு மடங்கு. 230 வோல்ட் பேஸில் 460 வோல்ட் வரும் என்பதால், ஒவ்வொரு பேஸிலும் இரண்டு பல்புகளைத் தொடராகப் போடுவதும் உண்டு.

புதிய இயந்திரம் 50.2 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஏற்கெனவே மின்சாரம் ஓடும் பொதுக்கம்பியான பஸ்பாரில் 50 என்று வைத்துக்கொள்வோம். பல்புகள் 5 நொடிக்கு ஒருமுறை எரிந்து அணையும். 1500 சுற்று டீசல் செட்டில் இது நிமிடத்துக்கு வெறும் 6 சுற்று வித்தியாசம். மூன்றும் சேர்ந்து எரியாமல் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால், பேஸ் வரிசை மாறியிருக்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு வயர்களை இடம் மாற்ற வேண்டியதுதான்.

மலிவான, அழகான ஏற்பாடு. ஆனால் என்னைக் கேட்டால், இதை மட்டும் நம்பிக் கைப்பிடியைத் திருப்ப மாட்டேன். வித்தியாசம் பூஜ்யத்துக்கு வருமுன்பே பல்பு அணைந்துவிடும். பீஸான பல்பும் இருட்டாகத்தான் இருக்கும். எந்த இயந்திரம் வேகமாக ஓடுகிறது என்பதையும் அது சொல்லாது. இரு அலைகளின் இடைவெளியைக் காட்டும் மீட்டரான சிங்க்ரோஸ்கோப்பின் முள் அதைச் சொல்லும். கடிகாரத் திசையில் சுற்றினால் புதியது வேகம், எதிர்த்திசையில் சுற்றினால் மந்தம். முள் கடிகாரத் திசையில் மெதுவாக வந்து, அலைகள் ஒன்றுசேரும் இடமான பன்னிரண்டைத் தொடுவதற்குச் சற்று முன்பு பிரேக்கரைப் போடுவார்கள். 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் முள் நொடிக்கு 36 டிகிரி நகரும். பிரேக்கர் மூட 0.1 நொடி எடுத்தால், அதற்குள் 3.6 டிகிரி போய்விடும். புதியது கொஞ்சம் வேகமாக இருந்தால் சேர்ந்த உடனே சுமையைத் தாங்கும். மந்தமாக இருந்தால் அதுவே மின்சாரத்தை இழுத்து மோட்டாராகிவிடும். மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதைக் கண்டுபிடிக்கும் ரிவர்ஸ் பவர் ரிலே அதைக் கழற்றி விடும்.

தவறான நேரத்தில் போட்டால்? அலைகள் நேரெதிராக இருக்கும்போது மூடினால், வலுவான கிரிட்டில் (பல மின்நிலையங்கள் சேர்ந்த மின்வலையில்), ஜெனரேட்டரின் முனைகளை ஷார்ட் செய்தால் பாய்வதைப் போல இரு மடங்கு வரை மின்னோட்டம் பாயலாம். சுருள்களின் மேல் விழும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது நான்கு மடங்கு. பல டன் எடையுள்ள ரோட்டரையும் (சுழலும் பகுதியையும்) கிரிட் ஒரே வெட்டில் தன் இடத்துக்கு இழுக்கப் பார்க்கும். ஷாஃப்டும் கப்ளிங்கும் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும்.

சரியாகச் சேர்ந்துவிட்டால் ஒரு விசித்திரம். டீசலைக் கூட்டினாலும் வேகம் கூடாது, சுமைதான் கூடும். பெரிய கிரிட்டின் தாளத்தைத் தனி இயந்திரம் ஒன்றால் மாற்ற முடியாது.

நாட்டின் மற்றப் பகுதிகளோடு தென்னிந்திய கிரிட் வெகுகாலம் தால்ச்சர்–கோலார் போன்ற நேர்மின் இணைப்புகள் வழியாக மட்டுமே மின்சாரம் பரிமாறிக்கொண்டது. நேர்மின்சாரத்தில் அலை இல்லை, ஒத்திசைக்கும் தேவையும் இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியே இரண்டு கிரிட்களும் மாறுமின்சாரத்தில் சேர்ந்தன. பல்பு இல்லையே தவிர, பார்க்க வேண்டியவை அதே மின்னழுத்தம், அதிர்வெண், கோணம்தான். அன்றுமுதல், நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் தூத்துக்குடி டர்பைனும், சில நூறு சுற்று மட்டுமே சுற்றும் இமயமலை நீர்மின் இயந்திரமும் ஒரே அதிர்வெண்ணில் ஓடுகின்றன.