குரலுக்குத் துணையாக வரும் ஒரு வரி

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, அதன் தலைமை அலுவலகம் புதுச்சேரியில் என்று வைத்துக்கொள்வோம். ஆள் இல்லாதபோது அழைப்பவரின் செய்தியைப் பதிவு செய்துவைக்கும் வாய்ஸ் மெயில் இயந்திரம் இரண்டுக்கும் பொதுவாகப் புதுச்சேரியில் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் தொழிற்சாலையின் 214-ஆம் எக்ஸ்டென்ஷனைக் கேட்கிறார். ஆள் இருக்கையில் இல்லை. நாலைந்து மணி அடித்ததும் தொழிற்சாலையின் உள் தொலைபேசி இணைப்பகமான இபிஏபிஎக்ஸ் அழைப்பை வாய்ஸ் மெயிலுக்குத் திருப்பிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். வாய்ஸ் மெயில் இயந்திரத்துக்குள் நுழைவது சாதாரணத் தொலைபேசிக் கம்பிதான். மணி அடிக்கும், எடுத்தால் குரல் கேட்கும். வந்த அழைப்பு 214-ஐத் தேடியதா, 230-ஐத் தேடியதா என்பதை அந்தக் கம்பி சொல்லாது. அப்போது இயந்திரம், "செய்திப் பெட்டியின் எண்ணை அழுத்துங்கள்" என்று கேட்கும். வாடிக்கையாளருக்கு அந்த எண் எப்படித் தெரியும்? போனை வைத்துவிடுவார்.

அதனால்தான் குரலுக்கு ஒரு வழி, விவரத்துக்குத் தனியாக ஒரு சீரியல் இணைப்பு, அதாவது 0, 1 என்ற பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வழி. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகம் வகுத்த எஸ்எம்டிஐ என்ற முறை இதற்குப் பெயர்பெற்றது. அழைப்பு திரும்பும் நேரத்தில் இபிஏபிஎக்ஸ் ஒரே ஒரு வரியை அனுப்பும். கொஞ்சம் சுருக்கிச் சொன்னால் அது இப்படி இருக்கும்: "எம்டி 001 0007 என் 214 305". இயந்திரத்தின் எண் 001. அழைப்பு வருவது 7-ஆம் லைனில். 'என்' என்றால் யாரும் எடுக்கவில்லை. லைன் பிசியாக இருந்தால் 'பி' வரும். தேடப்பட்டது 214, அழைத்தது 305. உயிர்நாடி அந்த 7-தான். எந்தக் குரலோடு எந்த வரியைச் சேர்ப்பது என்பதை இயந்திரம் அதை வைத்தே கண்டுகொள்கிறது.

வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1200 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட், தொடக்கத்துக்கு 1, பிழை பார்க்க 1, முடிவுக்கு 1, ஆக 10. அதாவது நொடிக்கு 120 எழுத்து. முழு வரியும் அரை நொடிக்குள் வந்துவிடும். இன்றைய கணக்கில் இது ஆமை வேகம்தான், ஆனால் இந்த வேலைக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

கேபிளில் ஓடுவது, சீரியல் இணைப்புக்கான ஆர்எஸ்-232 என்ற தர விதிப்படியான மின்னழுத்தம். பூஜ்யத்துக்கு +3 முதல் +15 வோல்ட் வரை, ஒன்றுக்கு -3 முதல் -15 வரை. இதற்குச் சொல்லப்படும் தூரம் சுமார் 15 மீட்டர். கடலூரிலிருந்து புதுச்சேரியோ 20 கிலோமீட்டருக்கு மேல்! சரி, என்ன செய்வது? இரு முனையிலும் பிட்டை ஒலியாக்கி அனுப்பும் மோடம் வைத்து, நடுவில் லீஸ்டு லைன் (நமக்கென்றே வாடகைக்கு எடுத்த தொலைபேசிக் கம்பி) எடுக்க வேண்டியதுதான். பழைய பெல் 202 வகை மோடம், 1 என்ற பிட்டை 1200 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் 0 என்ற பிட்டை 2200 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் மாற்றும். குரல் போகும் கம்பியில் இந்த இரண்டு ஒலியும் சிரமமில்லாமல் போய்விடும். டயல் செய்ய வேண்டியதில்லை, லைன் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

இதே வழியில் பதிலும் வருகிறது. செய்தி பதிவானதும் இயந்திரம் "214-க்கு விளக்கைப் போடு" என்று ஒரு கட்டளை அனுப்பும்; சிப்காட்டில் அந்த மேசைப் போனில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். கேட்டு முடித்ததும் "அணை" என்று இன்னொரு கட்டளை. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். அலுவலகத்துக்குத் திரும்பியவர் யாரையும் கேட்காமலே, செய்தி காத்திருப்பதைத் தெரிந்துகொள்கிறார்.

செய்தியைக் கேட்ட பிறகும் விளக்கு அணையவில்லை என்று யாராவது சொன்னால், போனைப் பிரிக்க வேண்டாம். முதலில் மோடத்தில், எதிர்முனை மோடத்தின் ஒலி வருகிறது என்று காட்டும் கேரியர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் கடற்கரையின் உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும்.