சமையல்காரரின் கண் எங்கே பார்க்கிறது?

தொலைக்காட்சியில் ஒரு சமையல் நிகழ்ச்சியைப் போட்டு, சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பாத்திரத்தில் என்ன வேகிறது என்பதை விட்டுவிடுங்கள். திரையில் இருப்பவரின் கண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். நேராக நம்மைப் பார்க்கின்றனவா, பக்கத்தில் நிற்கும் இன்னொருவரையா? இதை வைத்தே பெரும்பாலான சமையல் நிகழ்ச்சிகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துவிடலாம்.

திரை நமக்கு அனுப்பக்கூடியது படமும் ஒலியும்தான். மணம் வராது, ருசி வராது, சூடு வராது. சமையலுக்கு உயிரே அந்த மூன்றும்தானே! அதனால் நமக்குப் பதிலாக ஒருவர் முகர வேண்டும், சுவைக்க வேண்டும், அது எப்படி இருக்கிறது என்பதை முகத்தில் காட்ட வேண்டும். ஒரே பண்டத்தை இரண்டு பேர் செய்துகாட்டும்போது ஒருவர் மனதில் நின்று, இன்னொருவர் நிற்காமல் போவதற்குச் செய்முறையைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் குடும்பம், நம்மைப் பார்த்துப் பேசுபவர்கள். 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைக்காட்சித் தொகுப்பாளர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே உருவாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் லென்ஸைப் பார்த்து இயல்பாகப் பேசினால், எதிரில் உட்கார்ந்து பேசுகிறார் என்ற உணர்வு நமக்கு வந்துவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது நன்றாகத் தெரிந்தும் அந்த உணர்வு போவதில்லை. வாரம் தவறாமல் வந்தால் தெரிந்தவராகவே ஆகிவிடுகிறார். சமையல் நிகழ்ச்சிக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது. அடுப்படியில் நின்றபடி பேசுவது என்பதே நெருக்கமானவர்களோடு செய்கிற காரியம்தானே.

இதற்கு அமெரிக்கச் சமையல் ஆசிரியர் ஜூலியா சைல்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆறடி இரண்டு அங்குல உயரம், ஏறி இறங்கும் விசித்திரமான குரல். 1963-இல் பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சியில் 'தி ஃப்ரெஞ்ச் ஷெஃப்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது பெரிய வேலை. அதனால் நிகழ்ச்சியைக் கூடுமானவரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தார்கள். தவறுகளும் அப்படியே தங்கிவிட்டன. ஒரு முறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப்போட, வாணலியை உலுக்கி அதை மேலே எறிந்தார். ஒரு பகுதி அடுப்பின்மேல் விழுந்தது. சளைக்காமல் அதை எடுத்து வாணலியில் போட்டு ஒட்டவைத்துவிட்டு, சமையலறையில் தனியாக இருக்கும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்று நம்மிடமே கேட்டார். (வாய்வழியாகப் பரவும்போது அந்த அடை ஒரு முழுக் கோழியாகி, தரையிலும் விழுந்துவிட்டது. உண்மையில் கோழியும் இல்லை, தரையும் இல்லை.)

இந்தத் தவறு அவர்மேல் இருந்த அன்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஏன்? எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1966-இல் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவில் பதில் சொல்பவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீதம் சரியாகச் சொல்கிறார், இன்னொன்றில் 30 சதவீதம்தான். இரண்டுக்கும் இன்னொரு வடிவம் உண்டு: கடைசியில் காபியைத் தன்மேல் கொட்டிக்கொள்கிறார். கெட்டிக்காரர் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாரானவர் கொட்டியபோது அவர்மேல் இருந்த பிடிப்பும் குறைந்தது. தவறு ஒன்றுதான், அதற்கு முன்னால் அவர் திறமையைக் காட்டிவிட்டாரா என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகிறது.

சரி, இரண்டாவது குடும்பத்துக்கு வருவோம். போட்டி நிகழ்ச்சிகள். ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி 1993-இல் தொடங்கிய 'அயன் ஷெஃப்' சமையலை விளையாட்டு மைதானத்துக்கே கொண்டுபோனது: 60 நிமிடக் கெடு, நேர்முக வர்ணனை, களத்தில் ஓடித் தகவல் சொல்லும் நிருபர். இங்கே சமைப்பவர் நம்மைப் பார்ப்பதே இல்லை. நடுவர் போட்டியாளரைப் பார்க்கிறார், போட்டியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாம் பக்கவாட்டில் நின்று எட்டிப்பார்க்கிறோம். கற்க வந்தவர் என்ற இடம் போய், வேடிக்கை பார்ப்பவர் என்ற இடம் வந்துவிடுகிறது.

இந்த வகையில் ருசியை நமக்குக் கடத்துவது எடிட்டிங். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை மூன்று காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டினாராம். ஒன்று சவப்பெட்டி, ஒன்று ஒரு பெண், இன்னொன்று ஒரு கிண்ணம் சூப். முகம் மாறவே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் அதில் துக்கத்தையும் ஆசையையும் பசியையும் கண்டார்கள். நடுவர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு மெல்லும் அந்த நீண்ட நொடிகளில் இதுதான் நடக்கிறது. கரண்டி, நடுவரின் முகம், போட்டியாளரின் நடுங்கும் கை, மறுபடி நடுவரின் முகம். அவர் வெறுமனே மெல்லுகிறார். தீர்ப்பை நாமே அந்த முகத்தில் எழுதிக்கொள்கிறோம். பின்னணி இசை அந்த எழுத்துக்குக் கை பிடித்துக்கொடுக்கிறது.

பிரிட்டிஷ் சமையல்காரர் கார்டன் ராம்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். நலிந்த உணவகங்களைத் தூக்கி நிறுத்தும் அவருடைய நிகழ்ச்சி 2004-இல் பிரிட்டனிலும் 2007-இல் அமெரிக்காவிலும் தொடங்கியது. பிரிட்டன் வடிவத்தில் அவர் கண்டிப்பான ஆசானாகத் தெரிகிறார். அமெரிக்க வடிவத்தில் அதிரும் இசையும் அடிக்கடி வெட்டி வெட்டிக் காட்டப்படும் முகங்களும் சேர்ந்து அவரை எரிமலையாக்கிவிடுகின்றன. சிறுவர்களுக்கான 'மாஸ்டர்ஷெஃப் ஜூனியர்' நிகழ்ச்சியில் அதே மனிதர் குனிந்து மென்மையாகப் பேசுகிறார். திரையில் காணும் குணத்தில் ஒரு பங்கு அவருடையது. இன்னொரு பங்கு எடிட்டிங் மேசையில் உருவாவது.

இதில் எது நமக்குச் சமைக்கக் கற்றுத்தருகிறது? முதல் குடும்பம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மைக்கேல் கார்டாஸ், எட் ஓப்ரையன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மேலிருக்கும் பாத்திரங்கள் சரியாமல் மேசைவிரிப்பை உருவுவது, இலக்குப் பலகையில் சிறு அம்பை (டார்ட்) எறிவது போன்ற வித்தைகளின் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்குத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அம்பை எறியச் சொன்னபோது திறமை கூடவில்லை. கைக்குத் தெரிய வேண்டிய எடையும் அழுத்தமும் கண் வழியாக வருவதில்லை.

அதனால் நல்ல ஆசிரியர்கள் கண்ணாலும் காதாலும் பிடிக்கக்கூடிய அடையாளங்களைத் தேடித் தருகிறார்கள். ஆம்லெட் போடும்போது 'மிதமான சூடு' என்று மட்டும் சொன்னால் நமக்கு ஒன்றும் புரியாது. வெண்ணெயின் நுரை அடங்கத் தொடங்கும்போது முட்டையை ஊற்றுங்கள் என்பார் ஜூலியா. வெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாவதுதான் நுரை. அது போகும் வரை வெண்ணெயின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், அப்புறம்தான் ஏறும். நுரை அடங்கும்போது சடசடப்பும் தணிகிறது. அது திரையில் கேட்கிற மாதிரியே நம் அடுப்பிலும் கேட்கும்.