போடிமெட்டு ஏற்றத்தில் கொதிக்கும் பெட்ரோல்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏழெட்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறியிருப்போம். பெரியப்பாவின் பழைய பெட்ரோல் கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே வந்தது, இரண்டு தடவை குலுங்கியது, நின்றுவிட்டது. பெட்ரோல் முள் பாதிக்கு மேல் காட்டியது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கத்தான் இல்லை. தீப்பொறி உண்டாக்கும் காயிலை மாற்றலாமா, அதோடு சேர்ந்த பாயின்ட்டைத் தேய்த்துப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் ஒன்று ஓரங்கட்டியது. ஓட்டி வந்தவர் இறங்கி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“கரண்டுல ஒண்ணுமில்ல தம்பி. பெட்ரோல் கொதிச்சிருச்சு. துண்டு இருந்தா நனைச்சு பம்பு மேல போடுங்க.”

போட்டோம். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அவர் சொன்னது பேச்சுவழக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது, அது சொல்லுக்குச் சொல் உண்மை.

தண்ணீரைப் போல பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. பல திரவங்கள் கலந்த கூட்டு அது. அதிலுள்ள பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். கனமான பகுதிகள் ஆவியாக 200 டிகிரி வரை வேண்டும். சித்திரை வெயிலில் போடி பஜாரில் நிற்கும்போதே லேசான பகுதி கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காற்றழுத்தமும் டேங்கின் மூடியும்தான் அதை அடக்கி வைத்திருக்கின்றன.

இனி பம்புக்கு வருவோம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பழைய மெக்கானிக்குகள் இதை ஏசி பம்ப் என்பார்கள். குளிர்விக்கும் ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு. எஞ்சின் சுற்றும்போது ஒரு நெம்புகோல் அதை இழுத்து இழுத்து விடுகிறது. சவ்வு இழுபடும்போது பின்னால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் நீண்ட குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு வருகிறது. விடும்போது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகிறது.

கோளாறின் வேர் அந்த ‘உறிஞ்சுதல்’தான். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். போடிமெட்டு உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியில் கொதிப்பதும், மேலே தோட்டத்து வீடுகளில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். நம் காருக்கு இது இரட்டை அடி: மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது, போதாததற்குக் குழாய்க்குள் பம்பும் அழுத்தத்தைக் குறைக்கிறது. சுடச்சுட இருக்கும் எஞ்சினை ஒட்டி அந்தக் குழாய் போகும் இடத்தில் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிடும். ஒரு சொட்டு ஆவியானால் ஏறத்தாழ 200 மடங்கு இடம் பிடிக்கும். அப்புறம் சவ்வு எவ்வளவு அடித்தாலும் ஆவி சுருங்கும், விரியும், அவ்வளவுதான். திரவம் நகராது. இதைத்தான் வேப்பர் லாக் என்கிறார்கள், நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் ஏர் லாக்.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பெட்ரோல் குழாயின் நடுவே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். வண்டி நன்றாக ஓடும்போது அதில் பெட்ரோல் தளும்பாமல் நிற்கும். அன்றைக்கு எங்கள் வண்டியில் அடியில் ஒரு ஸ்பூன் அளவுதான் இருந்தது. அதற்குள்ளும் சோடா போலக் குமிழ்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. காயிலைச் சந்தேகப்படும் முன் எல்லோரும் இந்த ஃபில்டரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, சமவெளியில் வராத சூடு மலையில் எங்கிருந்து வருகிறது? போடிக்கும் போடிமெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1000 மீட்டர் உயர வித்தியாசம். ஆட்களோடு 1300 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 13 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பழைய எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், முக்கால் பங்கு சூடாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூடு மட்டும் 38 மெகாஜூலுக்கு மேல். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது தாராளம்! 17 வளைவுகள் ஏறுவதற்குள் இவ்வளவும் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். வண்டியோ மெதுவாக ஊர்கிறது, முன்னாலிருந்து காற்று வருவதில்லை.

நிறுத்தினால் ஆறிவிடும் என்று நினைப்போம். முதல் சில நிமிடங்களுக்கு நேர்மாறாகத்தான் நடக்கும். எஞ்சினை அணைத்ததும் ஃபேனும் தண்ணீர் பம்பும் நின்றுபோகின்றன. இரும்பில் தேங்கிய சூடு பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது. நன்றாக ஓடி வந்த வண்டி மெட்டு செக்போஸ்ட்டில் டீ குடித்துவிட்டு வந்ததும் கிளம்ப மறுப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு நோயும் உண்டு, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நின்ற வண்டியில் கார்புரேட்டரின் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்துப் பொங்கி, எஞ்சினுக்குள் கலவை போகும் பாதையான மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். அப்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் பஞ்சமில்லை, மிதமிஞ்சிப்போய்விட்டது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் இதுதான். காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைத் தொடவே கூடாது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் காற்று புகுந்து சரியாகும். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும்.

ஈரத்துணிக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அது. துணி குளிர்ச்சியாக இருப்பதால் பம்ப் ஆறுகிறது என்றால் அது பாதிக் கதைதான். தண்ணீர் ஆவியாகும்போது தொட்டிருக்கும் பொருளிலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வேண்டும். பம்பின் உடல் அரைக் கிலோ துத்தநாகம் என்று வைத்துக்கொண்டால், அதன் சூட்டை 12 டிகிரி இறக்க அது போதும். ஒரு கிராம் என்பது இருபது சொட்டு! மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். உள்ளே ஆவி மறுபடி திரவமாகச் சுருங்கியதும் பம்புக்குப் பிடி கிடைக்கிறது. ஆனால் துணியைப் பம்பிலும் குழாயிலும் மட்டும் போடுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் குடம் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடலாம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பீடி பற்ற வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பெட்ரோல் ஆவி நிற்கும் இடத்தில் தயவுசெய்து அது வேண்டாம்.

தினமும் போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஆள் ஏற்றும் ஜீப்புகள் இப்படி நிற்பதில்லை. அவை டீசலில் ஓடுபவை. டீசல் கொதிக்கத் தொடங்கவே 150 டிகிரிக்கு மேல் வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்களிலோ பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. அது உறிஞ்சி இழுப்பதில்லை, பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுகிறது. பெரும்பாலும் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் சுலபமாகக் கொதிக்காது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை. பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். பெட்ரோலோடு சேர்ந்தால் கதை மாறி, கலவையில் கூடுதல் பங்கு குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. பழைய ரப்பர் சவ்வையும் குழாயையும் எத்தனால் கெடுக்கும். அப்படி விரிசல் விட்ட குழாய் வழியாக வெளிக்காற்றும் உள்ளே புகுந்தால் குமிழ் இன்னும் கூடும். அதனால் மலைக்குக் கிளம்பும் முன் டேங்கிலிருந்து பம்ப் வரை ரப்பர் குழாய்களை மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் தாங்கும் ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த பேக்கலைட் தகட்டைத் தேவையில்லை என்று கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மேனிஃபோல்டு சூடு மேலே ஏறாமல் தடுப்பது அதுதான்.

பெரியப்பா இவ்வளவும் செய்துவிட்டார். இருந்தாலும் மூணாறு கிளம்பும் நாளில் ஒரு பழைய காசித்துண்டும் இரண்டு லிட்டர் தண்ணீரும் டிக்கியில் ஏறாமல் வண்டியை எடுக்க மாட்டார்.