கான்ட் சார்ட்டில ஆளுக்கும் ஒரு வரி போடுங்கோ

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம் கைப்பேரேட்டை விட்டுட்டு கொம்பியூட்டர் கணக்குக்கு மாறப்போகுதெண்டு வைப்பம். மாசியில காலபோக நெல்லு வரத் தொடங்கேக்க புது முறை ஓடிக்கொண்டு இருக்கோணும், லொறி வந்து நிக்கிற நேரத்தில மாத்த வெளிக்கிட்டா சிட்டையும் பிழைக்கும் காசும் பிழைக்கும். இப்பிடியான வேலைக்குத்தான் கான்ட் சார்ட். இடப்பக்கம் வேலையள், மேல கிழமையள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை, பட்டை எவ்வளவு நீளமோ வேலை அவ்வளவு காலம். அமெரிக்க எஞ்சினியர் ஹென்றி கான்ட் 1910களில இதைப் பரப்பினதால அவற்ற பேர் ஒட்டிட்டுது. உண்மையில போலந்தில கரோல் அடமியெட்ஸ்கி 1896லயே இதுமாதிரி ஒண்டு செய்தவர், போலிஷிலயும் ரஷ்யனிலயும் எழுதினதால வெளியில கனபேருக்குத் தெரியேல்ல.

கீறேக்க கடைசி நாளிலயிருந்து பின்னுக்கு வாங்கோ. சாமான் வாங்கிப் பூட்ட 3 கிழமை, அங்கத்தவர் விபரம் ஏத்த 8, பேந்து பழைய பேரேட்டையும் புதுக் கணக்கையும் சேர்த்து எழுதிப் பாக்க 4. ஒண்டு முடிஞ்சாத்தான் மற்றது, அப்ப 15 கிழமை. இந்தச் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத், இதில ஒரு நாள் பிந்தினா முழுவேலையும் ஒரு நாள் பிந்தும். ஆக்களைப் பழக்க 3 கிழமை வேணும், அதை ஏத்திற 8 கிழமைக்குள்ள எங்க வைச்சாலும் சரி, 5 கிழமை ஸ்லாக் கிடக்கு, அதாவது அவ்வளவு பிந்தினாலும் முழுவேலை பிந்தாது.

பேப்பரில இது நல்ல வடிவு. ஆனா விபரம் ஏத்திறதும் பழகிறதும் அதே ரெண்டு கிளாக்மார்தான், வகுப்பில இருக்கிற ஆள் எப்பிடி ஏத்திறது? வேலைக்கு மட்டும் வரி போட்டா இது கண்ணில படாது, சார்ட்டுக்குக் கீழ ஆளுக்கு ஒரு வரி போட்டா ரெண்டு பட்டை ஒரே ஆளில ஏறி நிக்கிறது உடனே தெரியும். வகுப்புக்குப் போற 3 கிழமையும் சேர 8 இப்ப 11, மொத்தம் 18, அப்ப புரட்டாசிக் கடைசியில துடங்கோணும். அதுவும் காணாது, ஏனெண்டா ஐப்பசி கார்த்திகையில விதைப்பு, உரம் எடுக்க சனம் வாசலில நிக்கும், அதே கிளாக்மார்தான் அங்கயும். ஆவணியில துடங்கோணும், இல்லாட்டி ஏத்திறதுக்கு வெளியால ஆள் எடுக்கோணும்.

நேரம் நெருங்கினா எல்லாரும் முதல் வெட்டப் பாக்கிறது அந்தக் கடைசி 4 கிழமையைத்தான், ரெட்டை வேலை, ஆருக்கும் விருப்பமில்லை. தயவுசெய்து அதில கை வைக்காதேங்கோ. ஒரே பேரில நாலு அங்கத்தவர் இருக்கிற இடத்தில ஒருத்தர் கட்டின கடன்காசு மற்றவற்ற கணக்கில விழுந்திருக்கும், நாள்மொத்தம் சரியாத்தான் வரும், பழைய பேரேட்டுப் பக்கத்தையும் புதுக் கணக்கையும் பக்கத்தில வைச்சுப் பாத்தாத்தான் பிடிபடும்.

சொவ்ற்வெயர் ஒண்டும் தேவையில்லை, எக்செல்லில பெட்டிக்கு நிறமடிச்சு பிரிண்ட் எடுத்து சுவரில ஒட்டினாக் காணும். திங்கட்கிழமை காலமை இண்டைய திகதியில மேலயிருந்து கீழ ஒரு கோடு கீறுங்கோ. கோட்டைத் தாண்டியும் முடியாமக் கிடக்கிற வேலை எது, அந்த ஆளுக்கு ஆரைத் துணைக்கு விடலாம் எண்டு அதிலயே நிண்டு கதைச்சு முடிவெடுங்கோ.