விரல் விட்டு எண்ணுவது சோம்பல் அல்ல

"மற்ற பாடமெல்லாம் நன்றாகப் படிக்கிறாள், கணக்கு மட்டும் ஏறவில்லை" என்று வரும் பெற்றோரிடம் நான் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டுவிட்டுக் குழந்தையின் கையைக் கவனிக்கிறேன்.

ஒரு குழந்தை சட்டென்று பன்னிரண்டு என்கிறது. இன்னொன்று ஏழை மனத்தில் வைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது என விரல் மடக்குகிறது. வேறொன்று ஒன்றிலிருந்தே தொடங்கி, பத்து விரலும் தீர்ந்ததும் தடுமாறி, மறுபடியும் ஒன்றுக்கே திரும்புகிறது. அட்டையில் மூன்று புள்ளிகளைக் காட்டினாலும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும் குழந்தைகளும் உண்டு. இவர்களைத்தான் வீட்டில் "மந்தம்" என்கிறார்கள். கேட்கவே மனம் பொறுக்கவில்லை.

அளவை உணர்வதில் மூளையின் மேற்பின் பகுதியான பெரைட்டல் மடலுக்குப் பெரும்பங்கு உண்டு. கூட்டல் புதிதாக இருக்கும்போது அதோடு நெற்றிப் பகுதியும் கடுமையாக உழைக்கிறது. பழகப் பழக, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் கைகொடுக்க, விடை நினைவிலிருந்தே வரத் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் வினோத் மேனன் குழுவினர் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் மூளையை ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இருமுறை ஸ்கேன் செய்து, 2014-இல் இந்த மாற்றத்தைக் காட்டினார்கள். எண்ணி எண்ணித்தான் அந்த நினைவு உருவாகிறது. விரலைத் தடுத்தால் குழந்தை ஊகித்துச் சொல்லப் பழகுகிறது. தவறான விடையே மனத்தில் பதிகிறது.

அதட்டல் இன்னும் கெடுதல். கணக்கென்றாலே பதறும் குழந்தைகளிடம், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா கூடுதலாகச் செயல்படுவதையும், கணக்கிடும் பகுதிகளின் செயல்பாடு குறைவதையும் இதே குழு 2012-இல் பதிவு செய்தது.

நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு டிஸ்கால்குலியா எனும் கணிதக் கற்றல் குறைபாடு இருக்கலாம். அறிவுத்திறனுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். இதைக் கண்டறிய ஸ்கேன் தேவையில்லை. ஆய்வுகளின் ஸ்கேன் படங்கள் பல குழந்தைகளின் சராசரி, உங்கள் குழந்தையின் ஜாதகம் அல்ல. கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியே சொல்லிக்கொடுத்தபோது, அவர்களுடைய மூளைச் செயல்பாடு மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே மாறியதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், என்னை மிகவும் நம்பிக்கை கொள்ளவைத்தது அதுதான்.

மூன்றாம் வகுப்பிலும் சிறு கூட்டலுக்கு ஒன்றிலிருந்தே எண்ணினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு உளவியலாளரிடம் முறையான மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லி நெருக்காமல், புளியங்கொட்டையோ மணியோ கொடுத்து, தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.