மழைக்கோட்டின் உட்புறம் நனைவது ஏன்?

மும்பையின் மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஜூலை மாதத்தில் சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலையிலுள்ள ராஜ்மாச்சி கோட்டைக்கு ஏறியபோது, வியர்வையை வெளியேற்றும் துணி என்று விற்கப்பட்ட விலையுயர்ந்த மழைக்கோட்டை அணிந்திருந்தும் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது, கோட்டில் ஓட்டை ஏதும் இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. அவரை நனைத்தது அவருடைய வியர்வைதான்.

மழையைத் தடுப்பது எளிது. 1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டி அதைச் சாதித்துவிட்டார். ஆனால் முதுகில் பையுடன் மலையேறுபவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். அந்த ஈரம் வெளியேற வழியில்லை என்றால், இட்லிப் பானை மூடியின் அடியில் நிற்பதைப்போல கோட்டின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். 1969-இல் ராபர்ட் கோர், ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்ளானை வேகமாக இழுத்து உருவாக்கிய நுண்துளைப் படலம் இதற்கு விடையாக வந்தது. அதன் துளைகள் மழைத்துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. அத்தகைய கோட்டின் கையை வெந்நீர் டம்ளரின் வாயில் இறுக்கிப் பிடித்து, மேலே ஒரு முகக்கண்ணாடியைக் காட்டினால், அதில் ஆவி படிவதை நீங்களே பார்க்கலாம்.

வழி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆவி வெளியேறிவிடாது. அதைத் தள்ள ஒரு விசை வேண்டும். குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் வேறுபட்டால்தான் தண்ணீர் ஓடும் அல்லவா, அதுபோல உள்ளும் புறமும் நீராவியின் அழுத்தம் வேறுபட்டால்தான் ஆவி நகரும். 34 டிகிரி வெப்பமுள்ள, வியர்த்த தோலின் மேல் அந்த அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். 5 டிகிரி குளிரும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள மலையில் வெளிக்காற்றில் அது 0.4 மட்டுமே. நம் மழைக்காலத்தில், 27 டிகிரியிலும் 95 சதவீத ஈரப்பதத்திலும், வெளியிலேயே 3.4 இருக்கிறது. அங்கே 4.9 ஆக இருந்த வேறுபாடு இங்கே 1.9 ஆகச் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, மேல்துணி மழையில் ஊறிவிட்டால் துளைகளின் வாயில் தண்ணீர்ப் போர்வை வேறு விழுகிறது. இத்துணிகளுக்கான சர்வதேசச் சோதனை 40 சதவீத ஈரப்பதத்தில் நடத்தப்படுகிறது. சஹ்யாத்ரியின் காற்றை ஆய்வகத்தில் உண்டாக்கி, நமக்கேற்ற துணியைத் தேடும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாக நிதி தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜவுளிப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரி மாட்டுங்காவிலேயே இருக்கிறது.

அதுவரை, ராணுவத்தினர் அணியும் பாஞ்சோவே நமக்கு உகந்தது என்பேன். தலையை நுழைத்துப் பையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்ளும் அந்த விரிப்பின் துணி ஆவியைச் சிறிதும் விடாது; ஆனால் பக்கங்கள் திறந்திருப்பதால், ஒவ்வோர் அடிக்கும் அது கொல்லன் துருத்தியைப்போல விரிந்து சுருங்கி, ஈரக்காற்றைக் கீழ்வழியே தள்ளிப் புதுக்காற்றை இழுக்கிறது. கொங்கண் விவசாயிகள் நாற்று நடும்போது மூங்கிலும் இலையும் கொண்டு பின்னிய ‘இர்லே’யைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொள்வதும், நம் ஊர்களில் கோணிச்சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொள்வதும் முன்புறத்தைத் திறந்துவிட்ட இதே ஏற்பாடுதான். மலைமுகட்டின் பலத்த காற்றில் மட்டும் பாஞ்சோ தலைக்குமேல் பறக்கும்; இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இரவில் தங்கும்போது அதன் துணைவன் உதவும். 1960-களில் வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையினருக்குத் தரப்பட்ட பாஞ்சோ லைனர், இரண்டு மெல்லிய நைலான் துணிகளுக்கிடையே பாலியஸ்டர் பஞ்சை வைத்துத் தைத்த போர்வை. ஓரங்களிலுள்ள நாடாக்களால் பாஞ்சோவுடன் கட்டிக்கொள்ளலாம். கதகதப்பைத் தருவது பஞ்சுக்குள் சிறைப்பட்ட காற்று. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், காற்றின் இடத்தில் அது புகுந்தால் குளிர் எடுக்கும். சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது; பாலியஸ்டரோ அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே நனைந்த லைனரை நன்றாகப் பிழிந்து உதறினால் இழைகள் மீண்டும் நிமிர்ந்து காற்றைப் பிடித்துக்கொள்கின்றன. நனைந்த பருத்திப் போர்வையை விடியும்வரை கொடியில் போட்டாலும், அந்த மழைக்காற்றில் அது காயாது.